முகம் இருக்கிறது, பெயர் இல்லை: பழைய புகைப்படங்களையும் முன்னோர் பொருள்களையும் பேணும் முறை

பழைய புகைப்படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவுடன் பெரும்பாலோர் ஸ்கேனர் தேடப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாட்டியின் மரப்பெட்டியில் கிடந்த இருநூற்றுச் சொச்சம் படங்களை நான்கைந்து வாரங்களில் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டு, பெரிய வேலை ஒன்று முடிந்துவிட்டதாக நிம்மதி அடைந்தேன். பாட்டி மறைந்த பிறகு ஒருநாள் அந்தக் கோப்புகளைத் திறந்தபோதுதான், பாதிக்கு மேற்பட்ட படங்களில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பது உறைத்தது. கண்ணிமையின் நிழல்கூடத் தெரியும் அளவுக்குத் துல்லியமான படங்கள். ஆனால் அது யாருடைய கண்ணிமை என்பது தெரியாது.

ஆகவே வேலைகளை நான் வேறு வரிசையில் சொல்கிறேன். ஓரளவு நல்ல இடத்தில் வைத்த காகிதப் படம் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். அதில் இருப்பவர்களை நேரில் அறிந்தவரின் நினைவு அவ்வளவு காலம் தாங்காது. எனவே முதலில் கேட்டுப் பதிவு செய்வது, அடுத்து படங்களை மேலும் கெடாத இடத்துக்கு மாற்றுவது, அதன் பிறகே ஸ்கேன் செய்வது என்பதுதான் சரியான வரிசை. நனைந்துவிட்ட படங்களும், பூஞ்சணம் பூத்த படங்களும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைப் பற்றிப் பின்னால் வரும்.

கேட்பதும் எழுதிக்கொள்வதும்

கேட்கத் தொடங்கும் முன் ஒரே ஓர் ஆயத்த வேலை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். 001 என்று தொடங்கி, அது எந்த உறையில், எந்த ஆல்பத்தின் எத்தனையாவது பக்கத்தில் இருந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கிடைத்த வரிசையைக் கலைத்து, கால வரிசைப்படியோ ஆள் வரிசைப்படியோ அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. ஒரே உறையில் சேர்ந்து கிடந்த ஏழு படங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவையாகவோ ஒரே ஆளிடமிருந்து வந்தவையாகவோ இருக்கும். அவற்றுள் ஒன்றின் பின்புறத்தில் தேதி இருந்தால் மற்ற ஆறுக்கும் அதுவே துப்பு ஆகிறது. ஆவணக் காப்பகங்களில் வந்து சேரும் தாள்களை அவை வந்த ஒழுங்கிலேயே வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

எண் போட்ட பிறகு, குடும்பத்தில் மூத்தவரோடு உட்காருங்கள். ஓர் அமர்வுக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சொல்பவர் களைத்துவிடுவார். களைத்தவர் "ஆமாம், ஆமாம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்குவார். சிறிய படங்களைப் பெரிதாக்கிக் காட்ட உருப்பெருக்கிக் கண்ணாடியோ கைக்கணினியின் திரையோ உதவும். கைபேசியை அழைப்பு வராத நிலைக்கு மாற்றி, மடித்த துணியின் மேல் அவருக்கு அருகில் வைத்து, குரலைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் பேசுபவரின் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுக்கும்போது "இது படம் 37" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் மிக முக்கியமானது. இதைச் செய்யாமல் நான் பதிவு செய்த முதல் இரண்டு மணி நேர உரையாடலில், "இவன் அப்போதே இப்படித்தான் முறைப்பான்" போன்ற அருமையான வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன. எவன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

"இது யார்?" என்று தொடங்கும் கேள்வி பலமுறை "தெரியலையே" என்ற பதிலோடு முடிந்துவிடும். படத்தில் இருக்கும் பொருள்களையும் இடத்தையும் பற்றிக் கேட்பதே நல்ல வழி. என்னிடம் உள்ள படம் 37இல் நான்கு பேர். நடுவில் பிரம்பு முதுகு கொண்ட நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார். அவருடைய வலப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சிறுமி நிற்கிறாள். பின்னால் இரண்டு ஆண்கள். பெரியம்மாவிடம் காட்டியபோது ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மறுபடி வாங்கிப் பார்த்தவர், "இதுக்கு ஒரு கை உடைஞ்சிருக்குமே. அத மறைக்கத்தான் சின்னவள அந்தப் பக்கம் நிக்க வச்சாங்க" என்றார். "சின்னவ யாரு பெரியம்மா?" என்றதும் பெயர் வந்தது, பெயரைத் தொடர்ந்து அமர்ந்திருக்கும் பெண்ணின் பெயரும், அந்த நாற்காலி கிடந்த வீடும், அந்த வீட்டை விட்டு அவர்கள் கிளம்பிய கதையும் வந்தன.

இன்னொன்று, விடையை நீங்களே ஊட்டிவிடக் கூடாது. "இது பெரியப்பாதானே?" என்று கேட்டால், மூத்தவர் நம் மனம் கோணாமல் இருக்க ஆமாம் என்பார், அடுத்த தலைமுறைக்கு அது வரலாறாகப் போய்விடும். ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள். இருவரும் வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் பெயரோடும் கேட்ட தேதியோடும் எழுதி வையுங்கள். தீர்ப்புச் சொல்லும் அவசரம் நமக்கு வேண்டாம்.

உறவுமுறைச் சொற்கள் நம் மொழியில் வளமானவை. படக்குறிப்பில் அவைதான் பெரிய பொறி. "அத்தையும் குழந்தையும், புது வீட்டு வாசலில்" என்று பின்புறம் எழுதியவருக்கு அந்த அத்தை யாரென்று ஐயமே இருந்திருக்காது. இப்போது படிக்கும் எனக்கு, அது யாருக்கு அத்தை, அந்தக் குழந்தை பிற்பாடு யாரானது, எந்தக் காலத்துப் புது வீடு என்ற மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. ஆகவே முழுப் பெயர், பிறந்த ஆண்டு தெரிந்தால் அது, பிறகு "இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி" என்று பெயர்களைக் கொண்டே உறவைச் சொல்ல வேண்டும். வீட்டில் அழைத்த செல்லப் பெயரைத் தனியே குறிக்கலாம். பழைய கடிதங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும் என்பதால் அது பின்னால் கட்டாயம் உதவும். குழுப்படமாக இருந்தால் மெல்லிய தாளை நகலின் மேல் வைத்துத் தலைகளின் விளிம்பை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுவிடுவது, "இடமிருந்து வலமாக, இரண்டாம் வரிசை" என்று எழுதிக் குழம்புவதைவிடத் தெளிவானது.

படமே சொல்லும் காலம்

சொல்ல ஆள் இல்லாத படங்களுக்கு, படத்தையே சாட்சியாக விசாரிக்க வேண்டியிருக்கும். மெல்லிய காகிதத்தில் அச்சிட்டு, தடித்த அட்டையில் முழுவதும் ஒட்டப்பட்டு, பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருந்தால் அது முட்டையின் வெண்கருவைப் பூசித் தயாரித்த ஆல்புமென் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். 1850இல் அறிமுகமான இந்த முறை அந்த நூற்றாண்டின் இறுதிவரை கோலோச்சியது. அட்டை ஏறத்தாழ 2.5 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்டதாக இருந்தால், பாரிஸ் நகரில் 1854இல் காப்புரிமை பெற்ற முகவரி அட்டை அளவுப் படம், 4.25க்கு 6.5 அங்குலம் என்றால் 1860களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய கேபினட் அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தின் கரும் பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சுப் போன்ற பளபளப்புத் தெரிவது ஜெலட்டின் பூசிய தாளில் பெரும்பாலும் காணப்படும் மூப்பு. இந்தத் தாள்கள் 1880களிலிருந்து வந்தவை. அஞ்சலட்டையாக அச்சிட்ட புகைப்படத்தின் பின்புறத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரித்தால், அது பிரிட்டனில் 1902க்கும் அமெரிக்காவில் 1907க்கும் பிற்பட்டது. பிளாஸ்டிக் போல வழுவழுப்பான முதுகுடைய தாள் 1970களில்தான் பரவலானது.

இவையெல்லாம் காலத்தின் முன் எல்லையைத்தான் சொல்கின்றன. பழைய படம் ஒன்றைச் சுவரில் வைத்து மறுபடி படம் எடுத்து அச்சிடும் வழக்கம் எங்கும் இருந்தது. அப்படிப்பட்ட நகலில் தாள் புதியதாகவும் ஆட்கள் பழையவர்களாகவும் இருப்பார்கள். ஓரத்தில் மூலப்படத்தின் விளிம்போ குண்டூசித் தலையோ தெரிகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். ஆண்களின் சட்டைப் பொத்தான் தவறான பக்கத்தில் இருந்தாலோ, பின்னணியில் உள்ள எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தாலோ, நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். உடையைக் கொண்டு காலம் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நல்ல உடையை இருபது ஆண்டுகள் பத்திரப்படுத்தி, படம் எடுக்கும் நாளில் மட்டும் உடுத்தியவர்கள் உண்டு. ஆனால் படத்தில் குழந்தை இருந்தால் அதைவிடச் சிறந்த கடிகாரம் கிடையாது. பிறந்த ஆண்டு தெரிந்த ஒரு குழந்தை தவழ்கிறதா, நிற்கிறதா, முன்பல் விழுந்திருக்கிறதா என்பதைக் கொண்டு ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் காலத்தைக் கட்டிவிடலாம்.

பின்புறத்து எழுத்து மங்கியிருந்தால், இருட்டறையில் கைவிளக்கைத் தாளுக்கு இணையாக, மிகத் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். பென்சிலின் கரி அழிந்திருந்தாலும் அதன் அழுத்தம் பள்ளமாகத் தெரியும். ஸ்டுடியோ முத்திரை, அச்சு எண், யாரோ கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு என எதையும் அற்பமென்று ஒதுக்காமல் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

தொடுவதிலும் வைப்பதிலும் செய்யும் தவறுகள்

படங்களை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். விரல் நுனியின் எண்ணெயும் உப்பும் ஜெலட்டின் பரப்பில் பதிந்து, மாதங்கள் கழித்து ரேகையாகவே வெளிப்படும். படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் நைட்ரைல் கையுறை நல்லது. கடிதம் போன்ற காகிதங்களுக்குக் கையுறையைவிடக் கழுவி நன்றாக உலர்த்திய கைகளே பாதுகாப்பு, ஏனென்றால் கையுறை போட்ட விரலுக்கு நொய்ந்த தாளின் விளிம்பு தெரியாது. தூசியை மிக மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டலாம். தண்ணீர், ஆல்கஹால், வாயால் ஊதுவது ஆகிய மூன்றும் கூடாது.

பின்புறம் எழுதுவதற்கு 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலைக் கொண்டு, படத்தைக் கடினமான, சுத்தமான பரப்பில் குப்புற வைத்து, ஓரமாக மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் வரியாகப் புடைக்கும். மையும் நாளடைவில் ஊறி, அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் முதுகுத் தாளில் பென்சில் எழுதாது. அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே வைப்பது எளிது. எழுதிய பிறகு வைக்கவும், வைத்த பிறகு எழுத வேண்டாம். ரப்பர் பேண்ட், செலோடேப், குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, ஒட்டும் குறிப்புத்தாள் ஆகியவற்றில் எதுவும் படத்தைத் தொடக் கூடாது.

சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். இதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு காய்ந்து இறுகிவிடும். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். தாத்தாவின் இடது தோள் இன்னமும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, பிரிக்கத்தான் வேண்டும் என்றால் தொழில்முறைப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுப்பதே வழி. பக்கமெல்லாம் பசைவரி ஓடி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களும் இதே வகை ஆபத்து. பசை பழுத்து மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கொள்ளும். முதலில் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். எதிர்ப்புத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மாறாக, கறுப்புத் தாளில் முக்கோண மூலைகளில் செருகிய பழைய ஆல்பத்தைப் பிரிக்கவே வேண்டாம். வரிசையும் கையெழுத்தும் சேர்ந்த அந்த ஆல்பம் தானே ஓர் ஆவணம். பக்கங்களுக்கு நடுவே அமிலமற்ற மெல்லிய தாளை வைத்தால் போதும்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, பரணும் தரைமட்டமும் இரண்டும் தவறு. மேலே வெப்பம், கீழே ஈரம். வீட்டுக்குள் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத ஓர் உள்ளறை அலமாரியின் நடுத்தட்டு மிகப் பொருத்தமானது. வெளிச்சுவரை ஒட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது உகந்தது; 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டியில் போடலாம், ஆனால் அவை உறிஞ்சி நிறைந்த பிறகு வெறும் சுமைதான். அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்துருண்டை வேண்டாம். ஜெலட்டினும் மாவுப் பசையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பது உண்மையே. அதை விரட்ட வறட்சியும் சுத்தமும் மூடிய பெட்டியும்தான் மருந்து.

பெட்டியும் உறையும் அமிலமற்ற, லிக்னின் (தாளை நாளடைவில் மஞ்சளாக்கும் மரப்பொருள்) நீக்கிய தாளால் ஆனவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலியெத்திலீன் மூன்றும் தீங்கற்றவை. பிவிசி கூடவே கூடாது. கடைப்பொருளில் "புகைப்படத்துக்குப் பாதுகாப்பானது" என்று எழுதியிருப்பது எதையும் உறுதி செய்யாது. ஐஎஸ்ஓ 18916 என்ற தர எண்ணின்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மரம் அமில ஆவியை விடும் என்பதால், என் பாட்டியின் பெட்டி இப்போது நினைவுப்பொருளாகத் தனியே இருக்கிறது. படங்கள் வேறு பெட்டியில்.

வண்ணப் படங்கள் இருட்டில் வைத்தாலும் மங்கும். பழைய வண்ணத் தாளில் இருட்டில் முதலில் சிதைவது நீலப்பச்சைச் சாயம் என்பதால்தான் 1970களின் குடும்பப் படங்கள் பல செம்மை ஏறிக் கிடக்கின்றன. இவற்றுக்குக் காலம் குறைவு. ஸ்கேன் வரிசையில் கறுப்பு வெள்ளைக்கு முன் இவற்றை எடுங்கள். அதேபோல், நெகட்டிவ் பெட்டியைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். 1950களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட சில நெகட்டிவ்கள் நைட்ரேட் வகை, எளிதில் தீப்பற்றுபவை. ஓரத்தில் "சேஃப்டி" என்ற ஆங்கிலச் சொல் அச்சிடாத, பழுத்து ஒட்டும் பழைய நெகட்டிவ்கள் இருந்தால் வெப்பத்துக்கும் நெருப்புக்கும் எட்டாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

படங்கள் வெள்ளத்திலோ ஒழுகலிலோ நனைந்துவிட்டால் அடுக்காகக் காய விடாதீர்கள், ஒட்டிப் பாறையாகிவிடும். குளிர்ந்த சுத்தமான நீரில் மெல்ல அலசி ஒன்றொன்றாகப் பிரித்து, முகம் மேலாக, வெயில் படாத காற்றோட்டத்தில் பரப்ப வேண்டும். இரண்டு நாட்களுக்குள் செய்து முடிக்க முடியாது என்றால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாக எடுத்துச் செய்யலாம். கண்ணாடித் தகட்டு நெகட்டிவை மட்டும் உறைய வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனிப்படுத்தி, முகமூடி அணிந்து, நன்றாக உலர்ந்த பின்பே தொடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணத்தோடு படமும் வழிந்துவிடும்.

ஸ்கேன்

காகிதப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், போதும். 4க்கு 6 அங்குலப் படம் அந்த அளவில் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும். சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 26 எம்பி. மிகச் சிறிய படங்களுக்கு 1200 வைக்கலாம். நெகட்டிவ் கதை வேறு. 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு சட்டம் 36க்கு 24 மி.மீ. மட்டுமே என்பதால் 600 டிபிஐயில் 850க்கு 567 புள்ளிகளோடு ஏமாற்றமே மிஞ்சும். 3000 முதல் 4000 வரை தேவைப்படும். கறுப்பு வெள்ளைப் படங்களையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், ஏனெனில் பழுப்பு நிறமும் கறையும்கூடச் செய்திதான். தானாக நிறம் திருத்தும், கீறல் நீக்கும் வசதிகளை நிறுத்திவிட்டு, பின்புறத்தையும் அதே எண்ணோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், சன்னலோரத்தின் மறைமுக வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்குச் சரியாக இணையாகப் பிடித்து எடுத்தாலும் எதுவும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

மூலக் கோப்பைத் திருத்தக் கூடாது, திருத்துவதென்றால் நகலில். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் இப்போது ஏராளம். அவை மங்கலான இடத்தில் இருந்ததைக் கண்டுபிடிப்பதில்லை, இருந்திருக்கக்கூடியதை இட்டு நிரப்புகின்றன. பார்க்க அழகாக இருக்கும் அந்த மூக்கு நம் கொள்ளுத்தாத்தாவினுடையது அல்ல. அப்படிச் செய்த படத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் கோப்பின் பெயரிலேயே "செயலி திருத்தியது" என்று இருக்கட்டும்.

கோப்புப் பெயரை ஆண்டு முதலாக எழுதினால் கணினி தானே கால வரிசையில் அடுக்கிவிடும்: 1958-சுமார்_037_முன். பெயர்களையும் கதையையும் கோப்பின் உள்விவரப் பகுதியிலும் எழுதுங்கள். இருந்தாலும் குறிப்பேட்டை விட்டுவிட வேண்டாம், ஏனெனில் செய்திச் செயலிகளில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருங்குவதோடு உள்விவரமும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உறவினருக்கு அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ மேகச் சேமிப்பிலோ என்பது தேறிய விதி. மேகக் கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதைப் பிரதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பொருள்கள்

கடிதங்களை விரித்துத் தட்டையாக வைக்க வேண்டும். மடிப்பில்தான் தாள் முதலில் அறும். பழைய இரும்பு மை தானே தாளை அரித்துவிடும் தன்மை கொண்டது; எழுத்து பழுப்பாகி, ஓட்டை விழத் தொடங்கியிருந்தால் அடிக்கடி தொடாமல் உடனே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் செய்வது கடிதத்தைக் காப்பதாகத் தோன்றும். உண்மையில் சூட்டோடு பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாதபடி ஒட்டுவதுதான் அது. கடிதத்தைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். எழுதியவர் எவ்வளவு படித்தார், எப்படிப் பேசினார் என்பதற்கு அந்தப் பிழைதான் சான்று.

துணியை மடிப்பு விழாமல் அமிலமற்ற தாளோடு சுருட்டி வைக்கலாம். மடிக்கத்தான் வேண்டும் என்றால் மடிப்பினுள் தாளுருளை வைத்து, ஆண்டுக்கொரு முறை மடிப்பிடத்தை மாற்ற வேண்டும். பித்தளை, வெள்ளிப் பொருள்களைப் பளபளக்கத் தேய்க்கும் ஆர்வத்தில் பொறித்த பெயரே தேய்ந்துபோகும். நாணயங்களைக் கழுவவே வேண்டாம். பல காலம் ஓடாத கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்க்கும் ஆசையும் கூடாது, உள்ளே எண்ணெய் இறுகியிருக்கும். இருட்டில் ஒளிர்ந்த முட்கள் கொண்ட பழைய கடிகாரமாக இருந்தால் அதில் கதிர்வீச்சு உடைய ரேடியம் பூச்சு இருக்கக்கூடும் என்பதால் பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள்.

பொருளைக் காப்பது பாதி வேலை. அதைப் பயன்படுத்தியவரின் தடயத்தைப் படிப்பது மற்றப் பாதி. எங்களிடம் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. வலது காம்பு நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த நூலை அவிழ்த்துச் சரிசெய்துவிடலாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது நான் தடுத்துவிட்டேன். கண்ணாடி விற்கும் கடையில் கொடுத்து வில்லையின் அளவை அளக்கச் சொன்னோம். சில நிமிட வேலைதான். கிட்டப்பார்வை அவருக்கு எவ்வளவு கடுமையாக இருந்தது என்று தெரிந்ததும், குழுப்படங்களில் எல்லாம் அவர் மட்டும் ஏன் கேமராவை விட்டுச் சற்று விலகி எங்கோ பார்க்கிறார் என்பது புரிந்தது. படம் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவாராம். இப்படிப்பட்ட குறிப்பைப் பொருளின் எண்ணோடும், அது யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டு வந்தது என்ற விவரத்தோடும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும் எடுத்த படங்களோடும் சேர்த்து எழுதுங்கள். பாகப்பிரிவினையில் பொருள்கள் பல வீடுகளுக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிட்டால், பொருள் எங்கிருந்தாலும் பட்டியல் ஒன்றாகவே இருக்கும்.

கடிதங்களில் குடும்பம் மறைக்க நினைத்தவையும் இருக்கும். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் பொதுவெளியில் போடாதீர்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் எந்தப் படக்குறிப்பிலும் பகிர வேண்டாம். அந்தக் கடிதங்களை அழிக்கவும் வேண்டாம், மூடிய உறையில் இட்டு, எப்போது திறக்கலாம் என்று மேலே எழுதி வைப்பது போதுமானது.

ஆண்டுக்கு ஒருநாள் பெட்டியைத் திறந்து வாடை பார்த்து, ஈரப்பதமானியைக் குறித்து, கோப்புகளில் சிலவற்றை உண்மையிலேயே திறந்து பார்த்து, அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் போடுங்கள். வன்தட்டு சொல்லாமல் கொள்ளாமல் சாகும். அதே நாளில் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களையும் புரட்டுங்கள். அங்கே என்னிடம் இப்போது அறுபத்திரண்டு படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே "அடையாளம் தெரியவில்லை" என்ற குறிப்பும், இதுவரை யார் யாரிடம் காட்டிக் கேட்டோம் என்ற பெயர்களும் உள்ளன. புதிதாக ஓர் உறவினரைச் சந்திக்கும்போது அந்தப் பட்டியலோடு போகிறேன். போன முறை போனபோது அது அறுபத்து நான்காக இருந்தது.